கப்பல்காரர் விதவையின் சாப்பாட்டு மேசை

ஆலையின் கொதிகலனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். மனிதர்கள் வெடிப்பதில்லை. பஞ்சுத்தூசியை மூச்சில் இழுத்து, நிதானமாக இருமிச் சாவார்கள். அதனால் அவர்களுடைய ஓய்வைப் பற்றி முதலாளிகள் அவசரப்பட்டதில்லை. கொதிகலனைச் சுரண்டிக் கழுவத்தான் ஜூலையில் ஒரு வாரம் பர்ன்லி ஊர் நெசவாலைகள் எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்து மூடினார்கள். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. அதற்கு வைத்த பெயர் விடுமுறை.

ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரையில் இறங்கியது. பக்கத்துத் தறிக்காரியின் முகத்தைப் பார்த்து அலுத்துப்போய் ஓடி வந்தவர்கள், அதே பக்கத்துத் தறிக்காரியோடு ஒரே கட்டிலில் நெருக்கியடித்துப் படுத்து, "எடம் மாறினா ஒடம்புக்கு நல்லதுதான்" என்றார்கள்.

அவர்களில் பதினோரு பேருக்குக் கதவைத் திறந்துவிட்டவள் கெசியா எண்ட்விசில். 'கப்பல் கேப்டனின் விதவை நடத்தும் விடுதி' என்று வாசலில் பலகை. கப்பலும் பொய், கேப்டனும் பொய். விதவை என்பது மட்டும் பாதி நிஜம்; புருஷன் ஓடிப்போயிருந்தான். உண்மையில் அவள் பிரஸ்டன் ஊர் ஆலையில் பதினாறு வருடம் தறி ஓட்டியவள். அது தெரிந்தால் மரியாதை போய்விடும். மரியாதை போனால் ஆள் வராது. அந்த வருடம் ஏற்கெனவே பாதி அறைகள் காலி. இந்தப் பதினோரு பேரும் சனிக்கிழமை கிளம்பும்போது அடுத்த வருடத்துக்குப் பெயர் எழுதிக் கொடுத்தால்தான் வீட்டின் குத்தகை நீளும். இல்லையென்றால் கெசியா மறுபடியும் தறிக்குத்தான் போக வேண்டும்.

வழக்கப்படி, சாப்பாட்டுப் பொருள்களை விருந்தாளிகளே கொண்டுவருவார்கள். சமைத்துப் போடுவது கெசியாவின் வேலை. யாருடைய முட்டை என்று முட்டையிலேயே பென்சிலால் எழுதியிருக்கும். எட்டு மணிக்கு மணியடித்தால் சாப்பாடு. பத்து மணிக்கு அடித்தால், மழையே பெய்தாலும் எல்லாரும் வெளியே. ஆலைச் சங்குக்குத் தப்பி வந்தவர்கள் மணிச் சத்தத்துக்கு வரிசையாக எழுந்து போனார்கள்.

தறிகளின் இரைச்சலில் காதுக்கு வேலையில்லை. அதனால் தறிக்காரிகள் சத்தமே எழுப்பாமல் உதட்டை அசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். கெசியாவுக்கு எதிரிலேயே அப்படித்தான் பேசினார்கள். கேப்டன் வீட்டம்மாவுக்கு இது எங்கே புரியப்போகிறது?

"டீயா இது? பாத்திரம் கழுவின தண்ணி," என்றன திங்கட்கிழமை ஆலிஸ் ஆர்மராடின் உதடுகள். கூட்டத்துக்குத் தலைவி அவள்தான். மறுநாள் டீ தார் மாதிரி வந்தது.

"பாத்தியா, பெரிய எடத்துப் பொம்பளன்னா சொல்லாமலே புரிஞ்சுக்கும்!" என்று வாய்விட்டே மெச்சினாள் ஆலிஸின் நாத்தனார்.

புதன்கிழமை, அவர்கள் கொண்டுவந்த பன்றித்தொடை பாதியாக இளைத்திருந்தது.

"பூனைங்க," என்றாள் கெசியா. அந்த வீட்டில் பூனை கிடையாது.

ஆலிஸின் உதடுகள் நாத்தனாரிடம் சொல்லின: "ராத்திரி அந்தத் தொடையில ஒரு நூலைச் சுத்தி வைக்கிறேன். காலைல நூலு நகந்திருந்தா, இவதான் திருடி."

வியாழக்கிழமை நூல் நகரவில்லை. தொடையும் இளைக்கவில்லை. கெசியா தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள். ஆலிஸ் மட்டும் அந்த நூலையே நெடுநேரம் பார்த்தாள். சத்தம் போடாமல் தீட்டிய திட்டம், அந்த இல்லாத பூனைக்கு எப்படித் தெரிந்தது?

வெள்ளிக்கிழமை மதியம் கெசியா சூப்புச் சட்டியோடு வந்தாள். ஆலிஸ் நாத்தனாரைப் பார்த்து உதட்டை அசைத்தாள்: "ஐயையோ, இந்தம்மா பாவாடைல நெருப்பு!"

கெசியா சட்டியை மேசையில் போட்டுவிட்டுப் பாவாடையைப் படபடவென்று அடித்தாள்.

இருபத்திரண்டு கண்கள் அவளையே பார்த்தன. சூப்பு மட்டும் மேசை விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஆலைடி?" என்றாள் ஆலிஸ், சத்தமாகவே.

கெசியாவும் சத்தம் போடாமலே பதில் சொன்னாள். உதடுகள்தான் அசைந்தன: "பிரஸ்டன். பதினாறு வருசம். நாலு தறி."

"அப்போ கேப்டன்?"

"மூழ்கிட்டாரு."

பதினோரு பேரும் சிரித்தார்கள். ஆலை வழக்கம் விடவில்லை. ஒருத்தியிடமிருந்தும் சத்தம் வரவில்லை.

சனிக்கிழமை காலை கெசியா வாசலில் நோட்டோடு நின்றாள். பக்கத்து விடுதிக்காரியும் தன் வாசலில் இளித்துக்கொண்டு நின்றாள். ஆலிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கெசியாவின் நோட்டை வாங்கி, பதினோரு பெயரையும் எழுதினாள்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் திருடிதான்டி. ஆனா அவளுக்கு ஒதட்டுப் பேச்சு புரியாது, திட்டணும்னா எழுந்து நின்னு தொண்டை கிழியக் கத்தணும். உன்னன்னா உக்காந்த எடத்துலயே, வாயில ரொட்டிய வச்சுக்கிட்டே திட்டலாம்." பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "அடுத்த வருசம் நூல நாங்க கொண்டாறோம். நீ பூனை ஒண்ணு வாங்கி வை."

மதிய ரயிலில் அடுத்த வாரம் ஆலை மூடும் ஊரிலிருந்து தறிக்காரர்கள் மூன்று பேர் வரவிருந்தார்கள். கெசியா கேப்டனின் பலகையைப் பளபளவென்று துடைத்து வைத்தாள்.