எச்சில் படாத ரிக்கார்டர்

பிள்ளைகளுக்கு ரிக்கார்டர் என்ற ஊதுகுழலைச் சொல்லிக்கொடுத்த வருஷத்தில் எனக்கு ரிக்கார்டர் வாசிக்கத் தெரியாது. கேட்டவர்களிடம் தெரியும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளி. பிரசவ லீவில் போன டீச்சரின் இடத்தில் தற்காலிகமாக நான். அவர் திரும்பி வரப்போவதில்லை என்று பேச்சு. அந்த வேலை எனக்கு நிரந்தரமாகுமா என்பது பள்ளியை நிர்வகித்த கரஸ்பாண்டென்ட் ஐயாவின் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுச் சபை ஒன்று ஒரு பெட்டி அனுப்பியது. உள்ளே பதிமூன்று பிளாஸ்டிக் ரிக்கார்டர் குழல்கள், நாதஸ்வரத்தின் நோஞ்சான் தம்பிகள் மாதிரி. கூடவே படம் போட்ட ஒரு புத்தகம்.

"உங்கள்ல யாருக்காவது மியூசிக் வருமா?" என்றார் தலைமையாசிரியை. "ஆண்டுவிழால பிள்ளைங்க வாசிச்சா ஐயா சந்தோஷப்படுவார்."

என் கை தானாக மேலே போயிற்று. அதுவரை நான் வாசித்திருந்த ஒரே வாத்தியம், காகிதம் சுற்றிய சீப்பு.

குரோம்பேட்டையில் என் அறைக்குப் பின்னால் ரயில் பாதை. மின்சார ரயில் கடக்கும்போது மட்டும் ஊதிப் பழகுவேன். வீட்டுக்காரருக்குக் கேட்காது. எனக்கும் கேட்காது. புத்தகத்தில் பிள்ளைகளைவிட ஒரு பக்கம் முன்னால் இருந்தேன். என் சங்கீத ஞானம் அவ்வளவுதான்.

நாலாம் வகுப்பில் இருபத்துநாலு பேர். எனக்கு ஒன்று போக, இரண்டு பேருக்கு ஒரு குழல் என்று கணக்கு. முதல் நாள் நான் ஒரு குழலை ஊதிக் காட்டிவிட்டு, அதை முன்வரிசைப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் அண்ணாந்து, குழலை உதட்டுக்கு அரை அங்குலம் தள்ளிப் பிடித்து, ஊதினாள். டம்ளரில் தண்ணீர் குடிக்க வீட்டில் பழக்கியிருந்த அதே முறை. காற்று வந்தது, நாதம் வரவில்லை.

"வாய்ல வைம்மா."

"எச்சி சார்."

"யாரு எச்சி?"

"உங்க எச்சி சார்," என்றாள், உள்ளதைச் சொல்கிற முகத்தோடு.

"இன்னா பண்ணாலும் நான் அத்த தொட மாட்டேன்ப்பா," என்று பின்வரிசையில் ஒருவன் பக்கத்துப் பையனிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகளும் இருந்தார்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற பிள்ளைகளும் இருந்தார்கள். எச்சில் விஷயத்தில் வகுப்பு முழுக்க ஒரே மார்க்கம். சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினேன். "கழுவினாலும் எச்சி எச்சிதான் சார்," என்று தீர்ப்பு வந்தது.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். பன்னிரண்டு பேரைக் கோலாட்டத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சப் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு குழல் கொடுத்து, அதன்மேல் மசியால் பெயர் எழுதினேன். சொந்த எச்சில் என்று ஆனதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றே மாதத்தில் ஐந்து சுரத்தில் ஒரு சின்னப் பாட்டு பிசிறில்லாமல் வந்துவிட்டது. "சார், பின்னாடி ஓட்டைய நீங்க சரியா மூடல," என்று முன்வரிசைப் பெண் என்னைத் திருத்தும் அளவுக்கு.

ஆண்டுவிழா அன்று காலை எனக்குள் ஒரு ஆர்வக்கோளாறு. ஐயா முன்னால் குழல்கள் பளபளக்க வேண்டாமா? பன்னிரண்டையும் வாளியில் போட்டு, துணி சோப்பால் தேய்தேய் என்று தேய்த்துக் கூடையில் அடுக்கினேன். பளபளத்தன. ஒன்றிலும் பெயர் இல்லை.

இதை நான் கவனித்தது மேடையில், பிள்ளைகள் கூடையைச் சுற்றி நின்று "இது யாருது, இது யாருது?" என்று கிசுகிசுத்தபோதுதான். அதற்குள் திரையைத் திறந்துவிட்டார்கள். முன்வரிசையில் கரஸ்பாண்டென்ட் ஐயா. வேறு வழியில்லாமல் கையை உயர்த்தினேன்.

பன்னிரண்டு குழல்களும் உதட்டுக்கு அரை அங்குலம் தள்ளி நின்றன. கன்னங்கள் உப்பின. விரல்கள் ஒரு பிசகில்லாமல் ஏறி இறங்கின. மைக்கில் மேஜை விசிறியின் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பாட்டை ஒரு அடிகூட விடாமல் முடித்து, வணங்கி, வரிசையாக இறங்கிப் போனார்கள். யாரோ ஒருவர் தாமதமாகக் கைதட்டினார்.

மறுநாள் பேப்பரில் 'ஆட்கள் தேவை' பகுதியை இரண்டு தடவை படித்தேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். "ஐயா உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லிட்டார் சார்."

"பிள்ளைங்க வாசிச்சது அவருக்குப் பிடிச்சிருந்துதா டீச்சர்?"

"வாசிச்சாங்களா?" என்றார் அவர். "பன்னண்டு பிள்ளைங்க மூணு நிமிஷம் சத்தமே போடாம நின்னதை இந்த ஸ்கூல்ல இப்பதான் பாக்கறேன்னார்."