பத்தரைக்கு முன் எடுத்த கார்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, காலை 10.41. கேம்ப் ரோடு சிக்னலுக்குச் சற்று முன்னால் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு விரல். வலது பக்கம் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் என் காரின் முன்சக்கரத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்.

பின் இருக்கையில் நிறைமாதமாக என் மகள். தாம்பரத்தில் மருத்துவர் பதினொன்றேகாலுக்கு வரச் சொல்லியிருந்தார். செம்பாக்கத்தில் எங்கள் அடுத்த தெரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் பேட் மாற்றி, கார் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

கண்ணாடியை ஏற்றிவிட்டேன். சக்கரத்தைக் காட்டி வண்டியை நிறுத்த வைத்து, இறங்கியதும் பையை எடுத்துக்கொண்டு ஓடும் ஆசாமிகளைப் பற்றிச் செய்தித்தாளில் நிறையப் படித்திருக்கிறேன். கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளும்படி மகளிடம் சொன்னேன்.

உண்மையில், இரண்டு நிமிடமாகவே ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. புது பேட் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். இப்போது ஸ்டீயரிங்கும் நடுங்கியது. சட்டைப்பையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. ஓட்டும்போது நான் எடுப்பதில்லை.

“நல்ல நேரத்துலதானேப்பா கிளம்பினோம். அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?” என்றாள் மகள். என் ராகு காலக் கணக்கு அவளுக்கு எப்போதும் கேலிதான்.

ஸ்கூட்டர்காரர் முன்னால் போய்க் குறுக்கே நிறுத்தினார். பிரேக்கை மிதித்தேன். கார் வலது பக்கம் இழுத்து, ஒரு குலுக்கலோடு நின்றது. கதவைத் திறக்கவில்லை. அவர் கண்ணாடியைத் தட்டினார்.

“சார், எறங்கிப் பாரு. வீலு ஆடிக்கினு கீது. புள்ளத்தாச்சிய உள்ள வச்சிக்கினு இன்னா சார் நீ?”

இறங்கினேன். அந்தச் சக்கரத்தில் நான்கு நட்டுகள் இருக்க வேண்டும். இரண்டைக் காணவில்லை. மூன்றாவதை அவர் இரண்டு விரலால் திருகியே கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது.

கைப்பேசியில் மெக்கானிக்கின் ஐந்து அழைப்புகள். கோபத்தோடு கூப்பிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்: “சார், எங்க இருக்கீங்க? வண்டிய ஓட்டாதீங்க. நட்டெல்லாம் கையாலதான் போட்டிருக்கேன்.”

அப்போதுதான் உறைத்தது. கார் ஜாக்கியில் நிற்கும்போது நட்டுகளைக் கையால் மாட்டிவிட்டு, கீழே இறக்கிய பிறகே ஸ்பானர் போட்டு இறுக்குவார்கள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று அவரை நச்சரித்தவன் நான். சரி, கேட்டுக்கு வெளியே எடுத்து நிறுத்துங்கள், கிளம்பிய கணக்காகிவிடும், அங்கேயே வந்து இறுக்கித் தருகிறேன் என்று ஒர்க்‌ஷாப்பில் அவர் சொன்னது அப்போதே என் காதில் விழுந்திருந்தது. கடிகாரத்தில் 10.26. கேட்டைத் தாண்டியவன் நிற்கவேயில்லை. நேரே வீட்டு வாசலுக்குப் போய் மகளை ஏற்றிக்கொண்டேன்.

மெக்கானிக்கைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கினேன். அதற்குள் ஸ்கூட்டர்காரர் ஓர் ஆட்டோவை மடக்கி, பார்த்து மெதுவாகப் போகும்படி ஓட்டுநரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டார். கண்ணாடியை ஏற்றியதற்காக அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்தது.

காரை ஓரத்திலேயே பூட்டிவிட்டு மகளோடு ஏறிக்கொண்டேன். ஆட்டோ நகர்ந்தபோது மணி 10.58. ராகு காலம் முடிய இன்னும் ஒரு மணி நேரமும் இரண்டு நிமிடமும் இருந்தன.