கொக்கி இல்லாமல் ஓடிய சக்கரம்

புது மின்சாரம் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பெரியவர்களின் வீட்டுக்குப் போய், அந்த மின்சாரம் நிஜமாகவே வருகிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில்.

திருப்பதியில் ஒரு நிறுவனம். வெயில், காற்று, சாணம், குப்பை என்று எதிலிருந்தாவது மின்சாரம் எடுக்கும் யோசனைகளுக்கு அவர்கள் பணமும் பங்குதாரரும் தேடிக் கொடுப்பார்கள். விண்ணப்பம் போடுகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தொட்டவர்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டு, நேரில் பார்த்து வரும் வேலையைக் கொடுத்தார்கள். அடுத்தவர் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது தம்ளர் மோரையும் குடித்து முடித்து, "இதோ இப்ப ஓடும் சார்" என்பதை ஏழாவது தடவையாகக் கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். மேலே படியுங்கள்.

நேற்று வந்தவர்

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வயதான கண்டுபிடிப்பாளர் யாரும் தன் மெஷினை முழுசாக வைத்திருக்க மாட்டார். ஏதாவது ஒரு சாமானைக் கழற்றி ஒளித்து வைத்திருப்பார். யாரோ வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், கொஞ்ச நாளில் அதே யோசனை வேறு ஒருவர் பெயரில் வந்துவிட்டது என்ற கதை இல்லாத வீடே கிடையாது. அதனால், பங்குதாரர் கையெழுத்துப் போட்டால்தான் சாமானை மாட்டுவேன் என்பார்கள். மெஷின் ஓடினால்தான் கையெழுத்து என்பார்கள் விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் கமிட்டிக்காரர்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் நான்.

சித்தூரில் ஒரு பெரியவர், மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர், மாம்பழத் தோலில் எரிவாயு எடுப்பதாக எழுதியிருந்தார். அவர் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தவர், "மறுபடியுமா? சாமானத்தான் நேத்தே வாங்கிக்கினு போயிட்டீங்களே" என்றார். வயசாகிவிட்டது, யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்று பொறுமையாக இருந்தேன். ஆனால் அவர் விடவில்லை. இதே நீலச் சட்டையாம். பேனாவை முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தேனாம். மோரில் உப்பு வேண்டாம் என்றேனாம். எனக்கு ரத்த அழுத்தம், மோரில் உப்பு போட்டுக்கொள்வதில்லை. அது சித்தூரில் யாருக்குத் தெரியும்? முழங்காலில் தட்டிக்கொண்டிருந்த பேனாவைச் சட்டைப் பையில் சொருகிவிட்டு, "ஐயா, நேற்று நான் வரவே இல்லையே" என்றேன்.

அவர் சலித்துக்கொண்டார். "நேத்து வந்தவரும் இதையேதான் சொன்னாரு."

காளஹஸ்தி மொட்டை மாடி

காளஹஸ்தியில் ஒரு மேடம், இயற்பியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் சின்னக் காற்றாலை வைத்திருந்தார். நான் போன அன்று காற்று என்பதே இல்லை. கொடியில் காய்ந்த வேட்டி சுவரில் ஒட்டினது போல அசையாமல் தொங்கியது. காற்றாலை மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே மோட்டார் வைத்து நம்மை ஏமாற்றுகிறார் என்று நினைத்து, கழுகு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். வயர் எதுவும் உள்ளே போகவில்லை. வெளியே வரும் இரண்டு வயர்தான்.

ஆற்றுப் பக்கமிருந்து திடீரென்று காற்று கிளம்பியது. வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது, என் கையிலிருந்த தாள் பறந்து தண்ணீர்த் தொட்டி மேல் போய் விழுந்தது. காற்றாலை நின்றுவிட்டது. மேடத்தைப் பார்த்தேன். அவர் தாளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னார்: "ரெண்டு வருஷமா இப்படித்தான் சார். காத்து இல்லாதப்ப சுத்துதுன்னு எழுதினா உங்கள நம்பமாட்டாங்க, காத்து அடிக்கறப்ப நின்னுடுதுன்னு எழுதினா என்னை நம்பமாட்டாங்க, அதனால வீட்ல ஆள் இல்லன்னு எழுதிடுங்க."

ஆளுக்கொரு சாமான்

இனி நான் சொல்லப் போகும் மூன்றும் ஒரே மனிதரைப் பற்றியவை. நகரிக்குப் பக்கத்துக் கிராமம். முனுசாமிக்கு எழுபத்து மூன்று வயது, விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவர். கரண்ட் போனால் அவர் தெருவில் தறிகள் எல்லாம் நின்றுவிடும், அன்றைய கூலியும் அதோடு நின்றுவிடும். அதற்காக அவரும் கூட்டாளி தனபாலும் பதினோரு வருஷமாக ஒரு சக்கரம் செய்து வந்தார்கள். ஆள் உயரச் சக்கரம். விளிம்பில் பன்னிரண்டு சின்ன உருளைகள், உள்ளே பழைய ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேஸ். சக்கரத்தின் அடிப்பாகம் வெயிலில் காயும் தண்ணீர்த் தொட்டியில், மேல்பாகம் ஓலை நிழலில். கீழே சூடேறினால் உருளைகளுக்குள் இருப்பது குழாய் வழியே எதிர் உருளைக்கு ஏறும், எடை மாறும், சக்கரம் திரும்பும். ரொம்ப மெதுவாக. வெறித்துப் பார்த்தால் நிற்பது போலவே இருக்கும். உருளைகள் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதியிருந்ததால்தான் திரும்புவது தெரியும். தண்ணீருக்கு மேலே ஒன்று வரும், கொஞ்சம் பொறுத்தால் இரண்டு வரும். பல்சக்கரங்களும் ஒரு சங்கிலியும் வழியாக டைனமோ சுற்றி ஒரு பல்பு எரியும்.

இரண்டு பேர் கூட்டு என்றால் கழற்றி வைக்கும் வழக்கமும் இரட்டை. சாயங்காலமானால் முனுசாமி சங்கிலியைக் கழற்றி எடுத்துப் போவார். சக்கரம் பின்பக்கம் உருளாமல் தடுக்கும் இரும்புக் கொக்கியை தனபால் கழற்றி அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார். "சந்தேகம்னு இல்ல சார், மொறைன்னு ஒண்ணு கீது இல்ல" என்றார் முனுசாமி. போன ஆடியில் தனபால் மாரடைப்பில் போய்விட்டார். இருந்தும் விண்ணப்பத்தில் பங்குதாரர் என்ற இடத்தில் முனுசாமி அவர் பெயரைத்தான் எழுதியிருந்தார். உயிரோடு இருக்கிறவர் பெயர் வேண்டும், புதுக் கொக்கியும் வேண்டும் என்றேன். "அது அவன் சாமான், நான் எப்டி கை வெக்கறது?" என்றார்.

கொக்கி இல்லாத சக்கரம் அன்று ஊஞ்சல் ஆடியது. நான்கு மேலே வரும், மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். ஓடவில்லை என்று எழுதினேன். எங்கள் கமிட்டி மூன்று தடவை பார்க்கும், மூன்றாவதிலும் தேறாவிட்டால் கோப்பை மூடிவிடும். எழுபத்து மூன்று வயதுக்காரருக்காக வேறு எந்தக் கமிட்டி காத்திருக்கிறது? எனக்கே மனசு கேட்கவில்லை. பழைய கொக்கிதான் எங்கே என்று கேட்டேன். முனுசாமி தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அரைஞாணோடதான் எரிச்சாங்க. மறுநாள் எலும்பு பொறுக்கச்சொல்லோ சாம்பல சலிச்சே பாத்துட்டேன், கொக்கி இல்ல சார். இரும்பு எரிஞ்சி பூடுமா?"

கூச்ச சுபாவம்

இரண்டாவது தடவை சொல்லாமல் போனேன். சொல்லிவிட்டுப் போனால்தான் இவர்கள் சாமானைக் கழற்றி ஒளிக்கிறார்கள் என்பது என் நினைப்பு. உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. வேலிப் படல் திறந்திருந்தது, ஆள் இல்லை. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு எரிந்தது. ஒன்பது, கொஞ்ச நேரம் கழித்துப் பத்து, பிறகு பதினொன்று. அப்படியானால் கிழவர் புதுக் கொக்கி செய்துவிட்டார் என்று சந்தோஷமாகக் குனிந்து பார்த்தேன். கொக்கி இருக்க வேண்டிய இடம் காலி. தடுக்க ஒன்றும் இல்லாத சக்கரம் ஊஞ்சல் ஆடாமல், யாரோ உள்ளங்கையால் தாங்கித் தாங்கி விடுவது போல, ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

கிணற்றடியிலிருந்து முனுசாமி இரண்டு தம்ளர் டீயோடு வந்தார். நான் வருவது அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "வந்துட்டீங்களா? போச்சு, இப்ப நிக்கும் பாருங்க" என்றார். பன்னிரண்டு பாதி மேலே வந்து நின்றது. பல்பு அணைந்தது. சக்கரம் பழையபடி ஊஞ்சல் ஆட ஆரம்பித்தது. இரண்டாவது தம்ளர் யாருக்கு என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். முனுசாமி என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க சார், உசுரோட இருக்கச்சொல்லோகூட ஆபீஸருங்க வந்தா அவன் தோட்டத்துப் பக்கம் போய் நின்னுக்குவான்."

லாட்ஜ்காரர்

மூன்றாவது தடவைதான் கடைசி. இந்தத் தடவை கோப்பைத் தேற்றியே தீருவது என்று நானே இறங்கிவிட்டேன். அது என் வேலை இல்லை, தெரியும். திருமலைக்குப் போகிறவர்கள் தங்கும் லாட்ஜ்கள் நடத்தும் திருப்பதிக்காரர் ஒருவரைப் பங்குதாரராகப் பிடித்தேன். அளவெடுத்து, புத்தூர் லேத்துப் பட்டறையில் புதுக் கொக்கி கடைந்து வாங்கிக்கொண்டு போனேன். முனுசாமி அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். தெருவில் கரண்ட் போய் இரண்டு மணி நேரமாக ஒரு தறிச் சத்தமும் இல்லை. அதுதான் அவரை மசிய வைத்தது என்று நினைக்கிறேன். கற்பூரம் ஏற்றிவிட்டு அவரே மாட்டினார். வெயில் ஏற ஏறச் சக்கரம் கிளம்பியது. ஐந்து. ஆறு. ஏழு. பல்பு எரிந்தது. எனக்கு நானே கண்டுபிடித்தது போலச் சந்தோஷம்.

லாட்ஜ்காரர் தாளை நீட்டி, தனபால் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதச் சொன்னார். முனுசாமி ஒரே கோடாக அடித்தார். இடி இடிக்கவில்லை, பல்பு அணையவில்லை. நான் பழக்கதோஷத்தில் சக்கரத்தைப் பார்த்தேன். ஏழுக்குப் பிறகு எட்டு வர வேண்டும். ஆறு வந்தது. கண் கோளாறு என்று கிட்டப் போய்க் கொக்கியை அழுத்திப் பார்த்தேன். பல்லில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, என் பலத்துக்கு அசையவில்லை. அந்தக் கொக்கி இருக்கும்போது சக்கரம் பின்னால் போகவே முடியாது. ஐந்து வந்தது.

டைனமோ எந்தப் பக்கம் சுற்றினாலும் பல்பு எரியும். லாட்ஜ்காரருக்குப் பல்புதான் தெரிந்தது. "சாலா பாக உந்தி", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் சொல்லிப் பேனாவைத் திறந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பணம் வந்துவிடும், பிறகு எந்தப் பக்கம் ஓடினால் என்ன என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் முனுசாமி பார்த்துவிட்டார். "நாலு" என்றார் மெதுவாக. லாட்ஜ்காரர் தாளில் பேனாவை வைப்பதற்குள் அதைத் தன் பக்கம் இழுத்து, அடித்த கோட்டுக்கு மேலே தனபால் பெயரை மறுபடி கொட்டை எழுத்தில் எழுதினார். லாட்ஜ்காரர் கோபத்தோடு காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கத்தினேன். இனிமேல் உங்களுக்கு யாரும் வரமாட்டார்கள், கோப்பை மூடிவிடுவார்கள், பதினோரு வருஷ உழைப்பு மண்ணாகப் போகிறது என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "அந்தப் பதினோரு வருஷத்தத்தான் ஒண்ணொண்ணா அவுத்து எடுத்துக்கினு போறான். அத நான் பாத்துக்கினே கையெழுத்து வாங்கறதா?" பிறகு கொக்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு சக்கரத்துக்கு எதிரில் போய்க் குந்திக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. படலைத் திறந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நின்றபோது பின்னால் அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது. குழந்தை நடை பழகுவதைப் பார்க்கிறவர் குரல் அது. "அஞ்சு... ஆறு... ஏழு... ஹா, எட்டு!"

இந்தத் தொழிலில் நான் பார்த்த கூட்டாளிகளில் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் வேலைக்கு வந்தவர் தனபால் ஒருவர்தான், அவரைத்தான் எங்கள் கமிட்டி செல்லாது என்று தள்ளிவிட்டது.