பாதிப் படத்தில் இல்லாதவர்

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடியில் என் ஸ்டுடியோ. பழைய பெட்டிக் கேமராவில் லென்ஸ் மூடியைக் கழற்றி, "மூச்சை அடக்குங்க" என்று சொல்லி, இரண்டு எண்ணி, மூடியை மாட்டுவேன். அந்த ஆட்டத்துக்கு முடிவுகட்டத்தான் பெங்களூரில் புதுக் கேமராவும் மின்சார ஃபிளாஷும் வாங்கி வந்தேன். ஃபிளாஷ் கண்ணிமைப்பதற்குள் வெட்டிவிட்டுப் போயிற்று. வெளிச்சத்துக்கு இத்தனை அவசரமென்றால் ஷட்டரும் கூடவே ஓட வேண்டாமா? வேகச் சக்கரத்தை நூறில் வைத்தேன். விநாடியில் நூறில் ஒரு பங்கு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, அதற்கு முதலில் வந்தது ஹனூர்க்காரத் தம்பதி. கணவருக்கு வயிற்றில் கட்டி. ஞாயிறு மதியம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன்.

"ஒண்ணாச் சேந்து ஒரு படங்கூட இல்லீங்க" என்றாள் அந்த அம்மாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவளை அவர் தோளில் கைவைத்து நிற்கச் சொன்னேன். மூச்சை அடக்கினார்கள். எடுத்தேன். மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் ஃபிலிமைக் கழுவி, இருட்டறை ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவள் இருந்தாள். அவர் இல்லை. நாற்காலியும் இல்லை. அந்தப் பாதி வெறும் கண்ணாடிபோல இருந்தது. அதன் வழியே என் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. அவள் நீட்டிய கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

என் வீரத்தை மறைப்பானேன்? இருட்டறைக் கதவை முட்டித் திறந்துகொண்டு ஓடினேன். கதவுக்கு மேல் பலகையில் இருந்த பானை விழுந்து உடைந்தது. மனைவி வந்தாள். மைசூரிலேயே பிறந்தவள், எனக்கு அவள் வைத்த பெயர் 'ரீ', கன்னடத்து 'என்னங்க'.

"அந்த நாற்காலில எமன் உக்காந்திருக்கான்" என்றேன்.

"எமனுக்கு உங்க விலாசம் யார் ரீ கொடுத்தா? போய் உக்காருங்க. நான் அமுக்கறேன்."

"நீ உக்காரேன்."

"எனக்கு அமுக்கத் தெரியும். உங்களுக்கு உக்காரத்தானே தெரியும்."

உட்கார்ந்தேன். நாற்காலி சில்லென்றிருந்தது, அல்லது நான். நூறிலேயே ஒன்று எடுத்தாள். பிறகு சக்கரத்தை இஷ்டத்துக்குத் திருப்பி, ஒரு முழு விநாடியில் வைத்து இன்னொன்று. அந்த ஃபிளாஷ் வெட்டியதும் நான் துள்ளி எழுந்தேன்.

கழுவிப் பிரதி போட்டோம். முதல் படத்தில் நான் இல்லை. இரண்டாவதில் இரண்டு பேராக இருந்தேன். ஒருவன் தெளிவாக உட்கார்ந்திருந்தான். அவன் தோளிலிருந்து புகைபோல இன்னொருவன் எழுந்துகொண்டிருந்தான்; அவன் நெஞ்சின் வழியே பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

மனைவி உற்றுப் பார்த்தாள். "உயிருக்கும் அதே தொப்பைதான் ரீ."

அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூளை வேலைசெய்தது. உட்கார்ந்தவனைப் பிடித்தது ஃபிளாஷ். எழுந்தவனைப் பிடித்தது ஜன்னல் வெளிச்சம், மீதி விநாடியில். அப்படியானால் நூறில் என்ன நடக்கிறது? கேமராவின் முதுகைத் திறந்து கண்ணை வைத்தேன். அவள் அமுக்கினாள். உள்ளே ஃபிலிம் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல், அதை மூட இரண்டு துணித்திரைகள். ஒன்று திறந்துகொண்டு போக, மற்றது மூடிக்கொண்டு பின்னால் வரும். நூறில், முதல் திரை முழுக்க விலகுவதற்குள் இரண்டாவது பாதி தூரம் வந்துவிடுகிறது. ஃபிளாஷ் வெட்டியபோது பாதி ஜன்னல்தான் திறந்திருந்தது. இருபத்தைந்தில் வைத்தோம். முழு ஜன்னலும் வெளுத்தது. ஹனூர்க்காரர் திரைக்குப் பின்னால் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். புரிந்தது. ஆனாலும் அந்த நாற்காலிக்கு முதுகைக் காட்ட மனம் வரவில்லை.

ஞாயிறு காலை அவர்கள் வந்தபோது, "இன்னொண்ணு எடுத்துக்கலாங்க, நேத்து எனக்குக் கை சரியில்ல" என்றேன். சக்கரத்தை மூன்று தடவை பார்த்தேன். இருபத்தைந்து.

"மூச்சை அடக்கோணுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. ஆடாம இருந்தாப் போதும்."

படத்தில் இருவரும் இருந்தார்கள். தோள்மேல் அவள் விரல்களை எண்ணினேன். ஐந்து.

ஒரு மாதமாகப் படத்தை வாங்க யாரும் வரவில்லை. பிறகொரு காலை தலை நிமிர்ந்தால், வாசலில் அந்த அம்மாள் மட்டும் நிற்கிறாள். கதவின் ஒரு பக்கம் சாத்தியிருந்தது. அவள் பக்கவாட்டில் நீட்டிய கை, சாத்திய கதவோடு மணிக்கட்டில் முடிந்தது.

எப்படி எழுந்தேனென்று தெரியாது. மேஜையில் இடித்த முழங்கால் இன்றும் மழைக்கு வலிக்கிறது. சாத்தியிருந்த கதவை இழுத்துத் திறந்தேன். கடைசிப் படியில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை மறு கையால் தாங்கியபடி அவர் நின்றார்.

"பொறுங்க. படியேறுனா மூச்சு வாங்குதுங்க" என்றார்.

"வாங்கட்டுங்க" என்றேன். "நல்லா வாங்கட்டும்."