திறக்கக் கூடாத கட்டு

வெள்ளவத்தை ஃப்ளாட்டின் குசினியில் வடை சுட்டுக்கொண்டு நின்ற அக்காவின் நைலோன் ஹவுஸ்கோட்டில் காஸ் அடுப்பின் நெருப்புப் பிடித்தது. வலது கையும் நெஞ்சும் வெந்துபோயின. அவளுக்கு ஏற்கெனவே சீனி வருத்தம்.

ஆஸ்பத்திரியில் காலையில் வெள்ளிக் கிரீம் பூசினார்கள். பூசும்போது குளிர்மையாக இருக்கும். அக்கா கண்ணை மூடிக் கொஞ்சம் மூச்சு விடுவாள். மறுநாள் அது காயத்து நீரோடு சேர்ந்து தடித்த பசையாகிக் கிடக்கும். அதைக் கழுவிச் சுரண்டி எடுத்தால்தான் புதிதாகப் பூசலாம். ஒவ்வொரு நாளும் இதே கூத்து. நான் வராந்தாவில் நிற்பேன். "ஐயோ, என்னைச் சாகவிடுங்கோ!" என்று அவள் கத்துவது அங்கே கேட்கும். என்ன கொடுமையடா இது என்று எனக்குச் சுவரில் மண்டையை மோதலாம் போல இருக்கும்.

காயத்தின் மேல் விரித்துக் கட்டிவிடுகிற, வெள்ளி ஏற்றிய சீட் ஒன்று இருப்பதாக டொக்டர்தான் சொன்னார். கிரீமிலும் சீட்டிலும் கிருமியைக் கொல்வது வெள்ளிதானாம். ஆனால் சீட்டை நாலைந்து நாள் அப்படியே விடலாம், சுரண்டத் தேவையில்லை. வார்டில் அது இருக்கவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி, கொழும்புக்கு வருகிற ஒருவரின் சூட்கேசில் கொடுத்துவிட்டான்.

சாம்பல் நிறச் சீட். அதை முதல்முறை மாற்றிய அன்று, "முடிஞ்சுதோ? அவ்வளவுதானோ?" என்று அக்கா கேட்டாள். பிறகு புட்டு வேண்டும் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு விடும்போது நேர்ஸ் அக்காவின் புருஷனை, அத்தானைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த கிளினிக் வரைக்கும் ஒருத்தரும் கழட்டக் கூடாது. திறந்தா கிருமி உள்ளுக்குப் போகும்."

ஆனால் எங்கள் ஆட்களுக்கு வருத்தக்காரரைப் பார்ப்பதென்றால் காயத்தைப் பார்ப்பது. பழப் பையோடு வந்த சித்தி உட்காருவதற்கு முன்பே, "மூடி வைச்சா என்னெண்டு, பிள்ளை, புண் காயும்? எங்க, ஒருக்கா காட்டு" என்றார்.

"காயவைக்க இதென்ன வடகமோ, சித்தி?" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமலே போனார். போகட்டும் என்று விட்டேன்.

நான் கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குப் போயிருந்த நேரம் தம்பி வீடியோவில் வந்திருக்கிறான். "அனுப்பினது நான். வேலை செய்யுதோ எண்டு பார்க்க வேண்டாமோ? ஒரு கரையைத் தூக்கிக் காட்டுங்கோ, அத்தான்." அத்தான் தூக்கிக் காட்டியிருக்கிறார். மறுநாள் தம்பியின் மாமியாரும் வீடியோவில் வந்து பார்க்கவேண்டும் என்றாராம். அவருக்கும் காட்டியிருக்கிறார். கை கழுவினாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

பிறகு காய்ச்சல். கிளினிக்கில் சீட்டை எடுத்தபோது பச்சையாகச் சீழ். நாற்றம் தாங்க முடியவில்லை. "யார் திறந்தது?" என்று டொக்டர் கேட்டார். வீடியோவில் காட்டியதை அத்தான் அப்போதுதான் சொன்னார்.

"ஏன் விட்டனீ?" என்று நான் அக்காவிடம் பாய்ந்தேன்.

"அவன் கேக்கேக்க என்னெண்டு மாட்டன் எண்டுறது? அவன்தானே அனுப்பினவன்."

திரும்பவும் வார்டு, திரும்பவும் கிரீம், திரும்பவும் சுரண்டல். இந்த முறை அவள் கத்தவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்தக் கிழமையே போய்விட்டாள்.

சீனி உள்ளவர்களுக்குத் திறக்காமல் விட்டாலும் அப்படி வரலாம் என்று டொக்டர் சொன்னார். இருக்கலாம். நான் நேரில் காணாவிட்டாலும், எனக்குச் சீட்டின் கரையைத் தூக்கும் அத்தானின் விரல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பொரளை மலர்ச்சாலையில் அவளைக் கிடத்தியிருந்தோம். கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தேன். அத்தான் கனடாவுக்காகப் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகைக்கு நடுவே கேட்டான்: "அத்தான், அந்தக் கையை ஒருக்கா காட்டுங்கோ."

அத்தானின் மற்றக் கை சேலையிடம் போனது.

"தொட்டுப் பாருங்கோ, தெரியும்!" என்று கத்தினேன். மலர்ச்சாலை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலைப்பை இழுத்து அக்காவின் விரல் நுனிவரை மூடினேன். பெட்டியை மூடும்வரை அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை.