சோதனைச்சாவடிக்கு முன்னால் ஒரு கொலை

அம்மா வேலை முடிந்து வரும்போது அவளுக்கு முன்பாக அவள் சேலையின் வாசனைதான் தெருமுனையில் திரும்பும்: பச்சை ஏலக்காய், டீசல், வெற்றிலை, மலைமேல் மழையில் நனைந்து ஜீப்பிலேயே பாதி காய்ந்த நூல்துணி, எல்லாம் கலந்த ஒரு நெடி. அது மூக்கில் பட்டதும் நான் ‘பாண்டி’ ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி, மத்தியானத்திலிருந்து படித்துக்கொண்டே இருந்தவள் மாதிரி நூலகப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்துகொள்வேன். இப்போதெல்லாம் மேடைகளில் என்னைத் ‘தேர்ந்த வாசகி’ என்று யாராவது அறிமுகப்படுத்தினால் அந்த ஓட்டம்தான் ஞாபகம் வருகிறது.

தேர்ந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. தேனியில் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் கையில் அகப்பட்டதைப் படித்து, ஒரு சிறுபத்திரிகையில் மாதம் இரண்டு பக்கம் அபிப்பிராயம் சொல்கிறவள் நான். அந்த அபிப்பிராயங்களில் உருப்படியானவை எதுவும் என்னுடையவையும் அல்ல. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஏறும் ஒரு ஜீப்பில், பதினாறு பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தபடி சொன்னவை. இத்தனை வருஷமாக அவற்றை இஸ்திரி போட்டு என் பெயரில் உடுத்திக்கொண்டு திரிகிறேன்.

அம்மாவுக்கு வளைவு ஆகாது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே குடலைப் பிரட்டும். அதிலும் ஜீப்பின் பின்பலகைதான் கிடைத்தது என்றால், காலையில் குடித்த நீராகாரம் மலைக்குத்தான். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஒரு நாள் வாந்தியை மறக்க வேண்டும் என்பதற்காக, முந்தின நாள் சாயங்காலம் அவள் உலை வைக்கும்போது நான் வாசித்துக் காட்டிய துப்பறியும் நாவலைப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை கேட்டதைக் கமா விடாமல் திருப்பிச் சொல்லுவாள். ஆறாவது வளைவில் ஜீப் மொத்தமும் வாயை மூடிக்கொண்டதாம். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற பேச்சியக்கா, ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் படைத்தவர், மறுநாளே உத்தரவு போட்டுவிட்டார்.

“ஏ வேலுத்தாயி, நீ நடுசீட்டுல சன்னலோரம் வா. அங்கன இருந்தாத்தான் முன்னாடியும் கேக்கும், பின்னாடியும் கேக்கும். வாந்தி வந்தா கதையை முடிச்சுட்டு எடு.”

அம்மா அதற்குப் பிறகு வாந்தி எடுக்கவில்லை. அந்தச் சன்னலோரம் அவளுக்குக் கிடைத்த முதல் பதவி. அதைக் காப்பாற்றும் பொறுப்பு, வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுத்துவரும் என் தலையில் விழுந்தது.

பத்திரிகை ஆசிரியர்கள் பலரிடம் நான் பிற்பாடு வெட்டுப்பட்டிருக்கிறேன். அந்த மலைச்சாலையைப் போல ஈவிரக்கம் இல்லாத ஆசிரியரை இன்னும் பார்க்கவில்லை. அடிவாரத்தில் முதல் வளைவுக்குள் ஆட்களை அறிமுகப்படுத்தியாக வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் இரையும் இடங்களில் முக்கியமான பேச்சு கூடாது. மேலே சோதனைச்சாவடியில் வண்டி நின்று காவலர் எட்டிப் பார்க்கும்போது எல்லோரும் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதால், கொலையோ கல்யாணமோ அதற்குச் சற்று முன்னால் நடந்து முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் அந்த அமைதி தாங்கும். ஓட்டுநர் தங்கராசு அண்ணன் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தாராம்: “யக்கா, கொலைய மட்டும் வளைவுல வைக்காதீக. ஸ்டேரிங் ஆடுது.”

மலை வருணனை முதல் வாரத்திலேயே ரத்தானது. “மலையிலதானடி போய்க்கிட்டிருக்கோம், அத வேற எதுக்குச் சொல்லிக்கிட்டு?” நீளமாகப் போனால் ‘மதி, மதி’ என்று குரல் வரும். போதும் என்பதற்கு மேற்பார்வையாளர் சொல்கிற மலையாள வார்த்தை. தோட்டத்தில் அவர் அதைச் சொல்லிக் கேட்பதே அபூர்வம் என்பதால் கதையில் தாராளமாகச் செலவழித்தார்கள்.

தீர்ப்புகள் சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்கு வந்து சேரும். சரித்திர நாவலில் ராஜா மாறுவேடத்தில் முந்நூறு பக்கம் ஊர் சுற்றியதற்கு வந்த தீர்ப்பு: “அம்புட்டு நாளும் நாட்ட யாரு பாத்தாகளாம்? அந்தக் குதிரைக்காச்சும் யாராவது தண்ணி காட்டுனாகளா?” நானூறு பக்கம் அழுத குடும்ப நாவல் கதாநாயகிக்கு: “அவளுக்கு ஒரு வேல வாங்கிக் குடுங்க. அழுக தன்னால நிக்கும்.” துப்பறிவாளர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிய கொலைகாரனுக்கு: “அந்த வீட்டுல பாத்திரம் வெளக்குறவளக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பா. ஒருத்தனும் கேக்கல பாரு.” அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால் வாழ்வில் உயரலாம் என்ற முன்னேற்ற நூலை அம்மா ஒரு வளைவுகூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. “நாம தெனமும் நாலு மணிக்குத்தான எந்திரிக்கோம்? ஒசரத்துக்குத்தான போறோம்? சாயங்காலம் திரும்ப எறக்கி விட்டுர்றாகளே, அதுக்கு என்ன செய்யணும்னு போட்டிருக்கா?” போடவில்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

புதுக்கவிதை அடிவாரத்திலேயே முடிந்துபோனது. “இம்புட்டுத்தானா? தாள்ல பாதிக்கு மேல சும்மா கெடக்கே, வேற யாருக்காச்சும் குடுத்திருக்கலாம்ல?” ஆனால் அறிவியல் புத்தகத்துக்குப் பெரிய வரவேற்பு. சூரியனிலிருந்து கிளம்பும் ஏதோ துகள் மனிதரையும் மலையையும் துளைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது என்று அம்மா சொன்னதும் தங்கராசு அண்ணன், “செக்போஸ்ட்ல கூட நிக்காதாக்கா?” என்று கேட்டு, பொறாமைப்பட்டு, நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தாராம். வெகுகாலம் கழித்து, பொட்டிப்புரம் பக்கம் மலைக்குள் அதே துகளைப் பிடித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று ஊரே பேசியபோது, எங்கள் தெருவில் அம்மா மட்டும், “இதென்ன புதுசா? நாங்க எப்பவோ பேசி முடிச்சது” என்றாள்.

இப்படிக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த காலத்தில்தான் நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

அது இரண்டு பாகமாக வந்த ஒரு தடித்த குடும்ப நாவல். வசந்தா என்று ஒருத்தி, குடிகாரக் கணவன், அழுகை. எழுபது பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. தெருவில் வேறு பாண்டி ஆட்டம் உச்சத்தில் இருந்தது. அம்மா உலை வைத்துவிட்டு “ம், சொல்லு” என்றதும், புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நானே சொல்ல ஆரம்பித்தேன். எட்டு நாள் சொன்னேன். ஆறாவது நாள் வசந்தா கணவனிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். நாவல் நடப்பது சென்னையில். எனக்குத் தெரிந்த வெளியூரோ லோயர் கேம்ப் ஒன்றுதான். பள்ளியில் ஒரு முறை அங்கே கூட்டிப்போய், மலைமேலிருந்து மின்நிலையத்துக்குப் பெரிய குழாய்களில் தண்ணீர் இறங்கி வருவதைக் காட்டியிருந்தார்கள். ஆகவே சென்னையில் பஸ் ஏறிய வசந்தா லோயர் கேம்ப்பில் இறங்கினாள். மறுநாளே வேலை கிடைத்தது. சந்தோஷமாக இருந்தாள்.

ஜீப் கொண்டாடித் தீர்த்துவிட்டது. எத்தனையோ ராஜகுமாரிகளைப் பார்த்த ஜீப்தான். ஆனால் தெரிந்த பஸ் நிறுத்தத்தில் இறங்கிய முதல் கதாநாயகி வசந்தா. பின்பலகையில் எப்போதும் பேசாமல் வருகிற மல்லிகா அக்காகூட வாய் திறந்து கேள்வி கேட்டாராம். “போகையில கதவச் சாத்திட்டுப் போனாளா, தெறந்து போட்டுட்டுப் போனாளா?” இன்னொரு நாள், “அங்கன தங்குறதுக்கு யாரு எடங் குடுத்தாக?” அம்மா என்னிடம் வந்து கேட்பாள். நான் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “சாத்திட்டுத்தான் போனா. ஒரு பாட்டியம்மா எடங் குடுத்தாக” என்பேன்.

அந்த மல்லிகா அக்காதான் கவிழ்த்தார். உத்தமபாளையத்தில் கல்லூரியில் படிக்கும் தன் அக்கா மகளிடம் அதே புத்தகத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார். ஜீப் கிளம்பியதும், “வேலுத்தாயி, புத்தகத்துல லோயர் கேம்ப்பே இல்லையாமே?” என்றாராம். அம்மா கதை சொல்லும்போது தினமும் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற ஒரு வாசகம் உண்டு: “புத்தகத்துல உள்ளதத்தான் சொல்றேன், ஒரு சொல்லு என் கைச்சரக்கு இல்ல.” அந்த வாசகத்தின் மேல்தான் அந்தச் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தது. பேச்சியக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “கத சொல்றவ பொய் சொல்லலாம். சத்தியம் பண்ணிட்டுச் சொல்லக் கூடாது. பின்னாடி போ.”

அன்று அம்மாவின் சேலையில் வாந்தி வாடைதான் வந்தது. அவள் உலை வைக்கவில்லை. இரண்டு பாகங்களையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“எனக்குப் படிக்கத்தான் தெரியாது. பஸ் போர்டுல லோயர் கேம்ப்னு எழுதியிருக்கிற எழுத்து எப்படியிருக்கும்னு தெரியும். எந்தப் பக்கம்? காட்டு.”

நான் புரட்டினேன். நானூறு பக்கத்தையும் புரட்டினேன். எங்காவது அச்சாகியிருக்கக் கூடாதா என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டு புரட்டினேன். அம்மா அடிக்கவில்லை, அடித்திருந்தால் அழுது தப்பித்திருப்பேன். “சனிக்கெழம பள்ளிக்கூடம் லீவுதான? நீயே வந்து சொல்லு” என்றாள்.

சனிக்கிழமை விடிகாலையில், இரண்டு பாகங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்பலகையில் அம்மா மடியில் உட்கார்ந்து மலை ஏறினேன். முதல் வளைவில், “நாந்தான் கட்டிச் சொன்னேன், அம்மாவுக்குத் தெரியாது” என்றேன். “சரி, நெசமா என்ன போட்டிருக்குன்னு வாசி” என்றார் பேச்சியக்கா. கடைசி அத்தியாயத்தை எடுத்து வாசித்தேன். ஆறாவது வளைவில் வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். மறுபடி வாசித்தேன். பத்தாவதில் மறுபடி எடுத்தேன். சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் வசந்தா திரும்பி வந்து, கணவன் காலில் விழுந்து, அவன் மன்னித்துவிட, அவன் மடியிலேயே செத்துப்போனாள்.

சாவடியில் வண்டி நின்றது. காவலர் எட்டிப் பார்த்தார். யாரோ செத்த வீடு போல இருந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டார்.

வண்டி நகர்ந்ததும் பேச்சியக்கா, “இதுக்கா ரெண்டு புத்தகம்?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எழுதுனவுக லோயர் கேம்ப் பக்கம் வந்ததில்ல போல. வந்திருந்தா அவளச் சாக விட்டிருக்க மாட்டாக” என்றார். ஜீப் சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“நல்லாருக்குங்கறது வேற யக்கா, ஏமாத்துனது வேற. இனிமே ஏறும்போது புத்தகத்துல உள்ளது. எறங்கும்போது வேணும்னா இவ கட்டுனது. ரெண்டையும் கலந்தேன்னா என்னைய வண்டிய விட்டு எறக்கி விட்டுருங்க.”

பேச்சியக்கா தீர்ப்புச் சொன்னார். “சரி, இனிமே நடுசீட்டுக்கு வந்துரு. மக வந்தா பின்னாடியே கெடக்கட்டும். இன்னும் நாலு வளைவுக்கு அதுகிட்டச் சரக்கு இருக்கும்போலிருக்கு.”

அப்படித்தான் நடந்தது, நான் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை; சனிக்கிழமைகளில் நானே ஏறிச் சொன்னேன், மற்ற நாட்களில் அம்மா வாயால். காலையில் மலை ஏறும்போது அச்சில் உள்ள முடிவு. சாயங்காலம் இறங்கும்போது என் முடிவு. ஏறும்போது செத்த எத்தனையோ பேர் இறங்கும்போது பிழைத்தார்கள். ராஜாவின் குதிரைக்குத் தண்ணீர் கிடைத்தது. எழுத்து என்று நான் கற்றது எல்லாம் அந்த இறக்கத்தில்தான். மல்லிகா அக்காதான் இரண்டு மாதத்தில் ஜீப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். எங்கள்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஜீப்புகள் இன்றும் விடியலில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு முறை ஏறிப் பார்த்தேன். ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு காதில் ஒயர். சாவடி வந்தால் வாயை மூடச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பேச்சியக்கா இல்லை. தங்கராசு அண்ணனின் வண்டியைப் பிரித்து விற்றுவிட்டார்கள். பதினாறு பேர் சேர்ந்து ஒரே புத்தகத்தைத் திட்டுகிற சத்தம் அந்த ரோட்டில் இனி கேட்காது.

போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ வேலுத்தாயி மகதான?” மல்லிகா அக்கா. கோபமா என்று கேட்டேன், இத்தனை வருஷம் கழித்து.

“கோவமா? எனக்குப் புத்தகத்துல நெசமாவே இருக்கான்னு தெரியணும்டி. பையக் கட்டி வச்சிருந்தேன். எங்க வீட்டு ஆளு வசந்தா புருசனுக்கு அண்ணன் மாதிரி. புத்தகத்துலயே போட்டிருந்தா தைரியமாப் போயிரலாம்னு இருந்தேன். நீ கட்டுனதுன்னு தெரிஞ்சதும் ஒரு வாரம் வெறுத்துப்போச்சு. அப்புறந்தான் நெனச்சேன், பத்து வயசுப் பிள்ளைக்குத் தோணுது, எனக்குத் தோணலையேன்னு. கெளம்பிட்டேன்.”

“எங்கே?”

“எங்கயா? லோயர் கேம்ப்புக்குத்தான். ரோட்டோரம் சாப்பாட்டுக் கட. மொதல்ல வேலைக்கு நின்னேன், இப்ப அது என் கட.”

எத்தனையோ பேர் என் எழுத்தைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஊர் மாறியவர் இவர் ஒருவர்தான். பெருமையில் நெஞ்சு விம்மி, ஏதோ உருக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன். மல்லிகா அக்கா ரசத்துக்குக் குழி பறித்தபடியே முந்திக்கொண்டார்.

“ஆனா ஒண்ணு. வசந்தாவுக்கு மறுநாளே வேல கெடச்சிருச்சுன்னு சொன்ன பாரு, அது தப்பு. எனக்கு நாலு மாசம் ஆச்சு. எழுதுறவ வெசாரிச்சுல்ல எழுதணும்?”