நிமலினி திரையை ஒடுக்குகிறாள்

இணையப் பக்கம் ஒன்றைச் செய்து முடித்ததும் நிமலினி கதிரையில் சாயமாட்டாள். மவுசால் அதன் விளிம்பைப் பிடித்து உள்ளே தள்ளுவாள். ஊர்காவற்றுறைக் கொமினிகேசன் கடையின் தடித்த கணினித் திரையில் அந்தப் பக்கம் ஒடுங்கி ஒடுங்கி நெருப்புப்பெட்டி அகலத்துக்கு வரும்வரை விடமாட்டாள். ஒரு சொல் வெளியே நீட்டிக்கொண்டால் ஏச்சு விழும். “பக்கத்திலை இடமில்லையெண்டா கீழை இறங்கி இரு! வள்ளத்திலை சனம் ஒதுங்கி இருக்கிறேல்லையே?”

திருவிழா, கலியாணம், செத்தவீடு என்று ஊர்ப் படங்களை வெளிநாட்டிலிருப்பவர்களுக்காக இணையத்தளத்தில் ஏற்றுவது அவள் வேலை. முதலாளி ஐயாத்துரைக்கு இந்த ஒடுக்கல் பிடிக்காது.

“வடிவாத்தானே கிடக்கு, ஏன் பிள்ளை நெரிக்கிறீர்?”

“இஞ்சை வடிவு. அங்கை ஆரின்ரை கையிலை என்ன அளவிலை திரை கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியுமே?”

2005 வைகாசியில், மேரிஜோசப்பினின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த மறுநாள் தொற்றிய பழக்கம் இது. தகப்பன் கிளின்ரன் பாரிசில். பிள்ளையை இன்னும் கண்ணால் காணாதவன். நிமலினி படத்தைத் தன் திரைக்கு அளவாகப் பெரிதாக்கிப் போட்டிருந்தாள். பின்னேரம் கடைத் தொலைபேசிக்கு அவன் எடுத்தான்.

“அக்கா, மாதா சொரூபம் தெரியுது, மனிசியின்ர முழங்கை தெரியுது. பிள்ளையின்ர முகத்தைக் காணேல்லை.”

“வலப்பக்கம் நகர்த்திப் பாரும், தம்பி.”

“நகருதில்லை. வேலை செய்யிற சாப்பாட்டுக்கடைக் குசினிப் போனிலை கதைக்கிறன். படம் பாக்க என்னட்டை இந்தச் சின்னக் கைத்தொலைபேசிதான் கிடக்கு.”

“கொஞ்சம் பொறும்.”

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, படத்துக்குத் தான் எழுதிவைத்த அகலத்தை அழித்தாள். திறக்கிற திரை எதுவோ அதன் அகலத்துக்கே படம் அடங்கட்டும் என்று மாற்றி எழுதினாள். பக்கத்தை அடைத்து நின்ற செய்திகளைப் படத்துக்குக் கீழே இறக்கினாள்.

“இப்ப திறந்து பாரும்.”

வெளியே மண்டைதீவு வழியாகப் போகும் கடைசி பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. அவள் வீடு போகவேண்டியது அதில்தான். காதில் கோப்பைகள் முட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல்.

“அக்கா… மூக்கு என்ரை மூக்கு.”

விம்மினான்.

கொண்டக்டர் படியில் தொங்கியபடி கூப்பிட்டார். நிமலினி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, போங்கோ என்று மற்றக் கையால் பஸ்ஸுக்குக் காட்டினாள்.